அடித்த பெயிண்டில் குறை தெரிகிறதா? எந்த அடுக்கில் பிறந்தது என்று பார்த்து அங்கேயே சரிசெய்யுங்கள்

காரில் நசுங்கிய கதவையோ மட்கார்டையோ நீங்களே பட்டி பார்த்து, ஸ்ப்ரே டப்பாவில் கலரும் அடித்துவிட்டீர்கள், ஆனால் ஏதோ சரியில்லை. முதலில் கையில் இருக்கும் டப்பாவைக் கீழே வையுங்கள். இந்த வேலையில் காசு வீணாவது பெரும்பாலும் அந்த நிமிடத்தில்தான். இன்னொரு கோட் அடித்தால் மூடிவிடும் என்று தோன்றும், அடிப்போம், மூடாது, முன்பைவிடப் பளிச்சென்று தெரியும்.

காரணம் எளிது. கம்பெனியில் அடித்து வரும் பெயிண்ட், அடியில் இருக்கும் பிரைமரிலிருந்து மேலே இருக்கும் கிளியர் (கலருக்கு மேல் பளபளப்புக்காக அடிக்கும் நிறமில்லாத அடுக்கு) வரை எல்லாம் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். ஒன்றிரண்டு தலைமுடியின் பருமன். அவ்வளவு மெல்லிய ஒன்று எந்தப் பள்ளத்தையும் நிரப்பாது, எந்தக் கீறலையும் மறைக்காது, அடியில் இருப்பதை அப்படியே படம் பிடித்துக் காட்டும். அதனால் மேலே ஒரு குறை தெரிந்தால் அது தகரத்தில் பிறந்ததா, பட்டியிலா, பிரைமரிலா, கலரிலா, கிளியரிலா என்று கண்டுபிடித்து, அந்த அடுக்கு வரைக்கும் மட்டும் இறங்கி, அங்கிருந்து மறுபடி ஏறி வர வேண்டும். அதற்கு மேலும் சுரண்ட வேண்டாம், குறைவாகவும் சுரண்டக் கூடாது. செலவு குறைய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆரம்பிக்கும் முன்பே கேட்க வேண்டியது: இதைச் சரிசெய்வதா, மாற்றுவதா?

மட்கார்டு, கதவு, பானெட், டிக்கி மூடி இவையெல்லாம் போல்ட்டில் நிற்பவை. உடைத்து விற்கப்படும் பழைய வண்டியிலிருந்து அதே கலர் கோடு (அந்த நிறத்துக்குக் கம்பெனி கொடுத்திருக்கும் குறியீடு) உள்ள பாகம் கிடைத்தால், பட்டி, தேய்க்கும் உப்புத்தாள், பிரைமர், கலர், கிளியர் என்று ஒவ்வொன்றாக வாங்கும் செலவைவிட அது மலிவாக முடியலாம், இரண்டு விடுமுறை நாளும் மிச்சம். கலர் கோடு பெரும்பாலும் கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்கு அடியிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும். வாங்கும் முன் ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி பாகத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். ஓரிடத்தில் பிடி தளர்ந்தால் அங்கே ஏற்கெனவே பட்டி இருக்கிறது. எங்குமே ஒட்டவில்லை என்றால் அது அலுமினியமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கும். அலுமினியமாக இருந்தால் இரும்பில் தேய்த்த தாளையும் பிரஷையும் அதில் போடாதீர்கள், ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துகள் பிற்பாடு அரிப்பை வரவழைக்கும்.

கதவுக்குக் கீழே ஓடும் சில்லிலோ, கூரையைத் தாங்கும் தூண்களிலோ, அடிச்சட்டத்திலோ துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் பட்டி வைத்து மூடாதீர்கள். மோதலில் உள்ளே இருப்பவர்களைக் காப்பது அந்தப் பகுதிகள்தான். அங்கே நல்ல இரும்பு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும், அது தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டிய வேலை. இந்த ஒரு இடத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

தகரத்தை அழுத்தினால் டப் டப்பென்று உள்ளே போய் வெளியே வருகிறது

தகரம் நீண்டுவிட்டது. அடிவாங்கியபோதே கொஞ்சம் நீண்டிருக்கும், சுத்தியலால் அடித்து அடித்து வெளியே எடுத்ததில் இன்னும் நீண்டிருக்கும். இதன் மேல் பட்டி போட்டால் தகரம் அசையும் ஒவ்வொரு முறையும் பட்டி அசையாமல் நிற்கப் பார்க்கும், ஓரத்தில் விரிசல் விடும். தகரத்தைச் சூடாக்கிச் சுருக்குவதுதான் சரியான வைத்தியம், ஆனால் பழகாத கையில் அது இன்னும் கோணலாகிவிடும். போல்ட்டில் நிற்கும் பாகமாக இருந்தால் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் டிங்கரிங் வேலையை மட்டும் வெளியே கொடுத்து, பட்டியும் பெயிண்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். பலருக்கு இப்படிப் பிரித்துக் கொடுக்கலாம் என்றே தோன்றுவதில்லை.

பட்டி காயவில்லை, தேய்த்தால் தாளில் பிசுபிசுவென்று அடைகிறது

பட்டியை இறுகவைக்கும் ஹார்டனர் குறைவு, அல்லது சரியாகக் கலக்கவில்லை. எடையில் 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் அளவு ஹார்டனர் என்பது பொதுவான கணக்கு, டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். கோடு கோடாக இல்லாமல் ஒரே நிறமாகும் வரை கலக்க வேண்டும். பட்டியை அடித்துக் கலக்காமல், தட்டையான பலகையில் தகட்டால் அழுத்தி மடித்து மடித்துக் கலந்தால் காற்றும் உள்ளே போகாது. காயாத பட்டி நாளைக்குக் காய்ந்துவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை. சுரண்டி எடுத்து, தின்னரால் துடைத்து, மறுபடி போட வேண்டும்.

சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை அதிகம் போடுவது இதற்கு நேர்மாறான தவறு. பட்டி கையிலேயே இறுகும், ஊசித் துளைகள் வரும். அதைவிட மோசம், மிச்சமிருக்கும் ஹார்டனர் மேலேறி வந்து கலரில் கறையாகத் தெரியும். வெள்ளை வண்டியில் பெயிண்ட் அடித்த பிறகு மஞ்சளாக ஒரு திட்டு வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். மேலே இன்னொரு கோட் வெள்ளை அடித்தாலும் கறை மறுபடி வரும். பட்டியை எடுக்க வேண்டியதுதான்.

கையால் தடவினால் சமம், கலர் அடித்ததும் அலை அலையாகத் தெரிகிறது

எனக்கு வந்த கேள்விகளில் அதிகம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் காரணம், தாளை விரலால் பிடித்துத் தேய்ப்பது. விரல் அழுத்தும் இடம் குழியும், விரலுக்கு இடைப்பட்ட இடம் மேடாகும். தாளை எப்போதும் ஒரு சமமான கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். அந்தக் கட்டை, பட்டி போட்ட இடத்தைவிட நீளமாக இருந்தால் நல்லது, அப்போதுதான் அது சுற்றியிருக்கும் நல்ல தகரத்தின் மேல் உட்கார்ந்து பட்டியை அதன் மட்டத்துக்குக் கொண்டுவரும். ஒரே திசையில் தேய்க்காமல் குறுக்கும் மறுக்குமாகத் தேய்க்க வேண்டும்.

இரண்டாவது, கண்ணை நம்பியது. மங்கலான பிரைமரில் கண் எதையும் பார்க்காது. இதற்கு மலிவான ஒரு வழி இருக்கிறது: பிரைமர் காய்ந்ததும் கறுப்பு ஸ்ப்ரேயைத் தூரத்தில் நின்று லேசாகத் தூவுங்கள், மூட வேண்டாம், புள்ளி புள்ளியாகப் படிந்தால் போதும். காய்ந்த பிறகு கட்டையால் தேய்த்தால் மேட்டில் கறுப்பு முதலில் போகும், பள்ளத்தில் நிற்கும். எங்கே நிரப்ப வேண்டும் என்று வண்டியே சொல்லிவிடும். கீறல் ஏதாவது மிச்சமிருந்தாலும் அதில் கறுப்புக் கோடாக நிற்கும். ஒரு சின்னக் கறுப்பு டப்பா பல பாகங்களுக்கு வரும். இதை மட்டும் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள்.

தாள் நம்பரில் தாவுவதும் தொல்லை (நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும்). பட்டியை வடிவத்துக்குக் கொண்டுவர 80, பிறகு 180, பிரைமருக்கு முன் 320, கலருக்கு முன் பிரைமரை வாட்டர் பேப்பரில் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் தாள்) 600 அல்லது 800, மெட்டாலிக் கலராக இருந்தால் 800 பக்கமே நில்லுங்கள். 80-லிருந்து நேரே 320-க்குப் போனால் 80 போட்ட கோடு அடியில் அப்படியே இருக்கும், பிரைமர் அதைக் கொஞ்ச காலம் மறைக்கும், பிரைமர் முழுக்கக் காய்ந்து சுருங்கி இறங்கியதும் கோடு வெளியே வரும். பட்டியைத் தேய்க்கும்போது மட்டும் தண்ணீர் வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அடியில் தகரம் அமைதியாகத் துருப்பிடிக்கும். உலர்த் தேய்ப்பில் தூசி அதிகம், முகமூடி இல்லாமல் செய்யாதீர்கள்.

பட்டியின் கனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேய்த்து முடித்த பிறகு 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும்படி தகரத்தை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் போட்டால் பட்டியால் சிலை செய்வதற்குச் சமம், ஒரு குழியில் வண்டி இறங்கினாலே விரிசல் விடத் தொடங்கலாம்.

பட்டியில் ஊசி குத்தியதுபோல் துளைகள்

கலக்கும்போது காற்று போயிருக்கிறது. பிரைமர் அதை அடைக்காது, துளையின் வாய் மட்டும் மூடி, பிற்பாடு திறந்துகொள்ளும். நைஸ் பட்டியை, அதாவது ஹார்டனர் கலந்து போடும் மெல்லிய கடைசிப் பட்டியை, தகட்டை நிமிர்த்திப் பிடித்து அழுத்தித் தேய்த்து நிரப்புங்கள். டியூபில் வரும், ஹார்டனர் கலக்காத ஒற்றைப் பட்டி மலிவுதான், ஆனால் அது காய்ந்து சுருங்கும், மெல்லிய கீறலுக்கு மேல் எதற்கும் அதை நம்பாதீர்கள்.

கலர் விழும்போதே வட்ட வட்டமாக விலகி, நடுவில் அடி தெரிகிறது

மீன் கண் என்பார்கள். அடியில் எண்ணெய், மெழுகு அல்லது சிலிகான் இருக்கிறது. கார் பாலிஷ், டயருக்குப் போடும் பளபளப்பு, கதவு ரப்பருக்கு அடிக்கும் ஸ்ப்ரே, உங்கள் விரல், எதிலிருந்தும் வரலாம்.

என் வெள்ளி நிறக் கதவில் இது வந்தபோது நான் மூன்று முறை தேய்த்து மூன்று முறை அடித்தேன், மூன்று முறையும் அதே இடத்தில் கண் விழுந்தது. தேய்த்துவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன், அதுதான் தவறு. எண்ணெய் இருக்கும் பரப்பில் தாளைப் போட்டால் தாள் அந்த எண்ணெயைக் கீறலுக்குள் இறக்கிவிடும், பிறகு துடைத்தால் மேலே இருப்பது மட்டுமே வரும். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, மெழுகு நீக்கும் திரவத்தால் துடைத்து, அதன்பிறகுதான் தாளைக் கையில் எடுக்க வேண்டும், தேய்த்து முடித்ததும் மறுபடி ஒருமுறை துடைக்க வேண்டும். துடைக்க இரண்டு துணி வேண்டும்: ஒன்றில் திரவத்தை நனைத்துத் தேய்த்து, அது காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். தானாகக் காயவிட்டால் எண்ணெய் கரைந்து, பரவி, மறுபடி அங்கேயே படிந்துவிடும். அந்தக் கதவு நான்காவது முறை ஒரு கண் கூட இல்லாமல் வந்தது, மாறியது இந்த வரிசை மட்டும்தான்.

இப்போதே விழுந்துவிட்டது என்றால் அதன்மேல் கனமாக அடித்து நிரப்பப் பார்க்காதீர்கள், எண்ணெய் ஒவ்வொரு கோட்டையும் தள்ளும். ஒன்றிரண்டுதான் என்றால் காயவிட்டு, பனி படிவதுபோல் மிக மெல்லிய கோட்டுகளாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு தூவினால் சில நேரம் மூடும். நிறைய இருந்தால் பள்ளத்தின் அடி வரைக்கும் தேய்த்து, மேலே சொன்ன வரிசையில் தொடங்குங்கள்.

அடித்ததும் தோல் சுருங்கியதுபோல் மடிப்பு மடிப்பாகிறது

புதுப் பெயிண்டில் இருக்கும் கரைப்பான், அடியில் இருக்கும் பெயிண்டைக் கரைக்கிறது. யாரோ முன்பு அடித்த பழைய பெயிண்ட் அடியில் இருந்தாலும் இது வரும், உங்கள் சொந்த முதல் கோட் பாதி காய்ந்த நிலையில் இருக்கும்போது அடுத்ததை அடித்தாலும் வரும். டப்பாவில் "ஒரு மணி நேரத்துக்குள் அடியுங்கள், இல்லையேல் ஒரு நாள் கழித்து அடியுங்கள்" என்பதுபோல் எழுதியிருப்பது இதற்காகத்தான், அதற்கு இடைப்பட்ட நேரம்தான் ஆபத்து. முன்கூட்டியே அறிய வேண்டுமானால், கண்ணில் படாத ஒரு மூலையில் தின்னர் நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். பெயிண்ட் இளகித் துணியில் கலர் ஒட்டினால் அதன்மேல் நேரடியாக அடிக்கக் கூடாது. ஏற்கெனவே சுருங்கியது முழுக்கக் காயட்டும், அவசரப்பட்டால் தாளில் சவ்வாக வரும். பிறகு நல்ல அடுக்கு வரை இறங்கி, எப்பாக்ஸி பிரைமர் போல கரையாத ஒன்றை நடுவில் போட்டுத் தொடருங்கள்.

வழிந்துவிட்டது

ரொம்பப் பக்கத்தில் பிடித்தீர்கள், அல்லது கையை நடுவில் நிறுத்தினீர்கள். ஈரமாக இருக்கும்போது தொடாதீர்கள். கிளியரில் என்றால் நன்றாகக் காய்ந்த பிறகு சின்னக் கட்டையில் 1500 வாட்டர் பேப்பரைச் சுற்றி மேட்டை மட்டும் தேய்த்து, 2000-இல் முடித்து, ரப்பிங் காம்பவுண்டால் பளபளப்பைக் கொண்டுவரலாம். மெட்டாலிக் கலரில் என்றால் தேய்த்த இடத்தில் மினுக்குத் துகள் கலைந்துவிடும், கலர் மறுபடி அடித்தே ஆக வேண்டும்.

ஆரஞ்சுத் தோல்போல் புள்ளி புள்ளியாக, அல்லது கையில் சொரசொரப்பாக

தூரம் அதிகம், வெயிலில் சூடான தகரம், சரியாகக் குலுக்காத டப்பா, மூன்றில் ஒன்று. 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரம், உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்ட பிறகும் 2 நிமிடம் குலுக்கல், நிழல். கிளியரில் வந்த ஆரஞ்சுத் தோலை வழிந்ததைப் போலவே தேய்த்துப் பாலிஷ் செய்யலாம், ஆனால் டப்பாக் கிளியர் மெல்லியது, விளிம்புகளில் சீக்கிரம் கலருக்கு இறங்கிவிடுவீர்கள்.

பால் ஊற்றியதுபோல் வெண்மை படர்கிறது

காற்றில் ஈரம். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிரவைக்கும், அங்கே ஈரம் படியும். மழை நாளில் அடிக்காதீர்கள். லேசாக வந்ததென்றால் வறண்ட நாளில் மேலே மெல்லிய ஈரக் கோட் ஒன்று அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

கலர் கோடு சரி, ஆனாலும் பக்கத்துப் பாகத்தோடு ஒத்துப்போகவில்லை

முதலில் கிளியர் அடித்துவிட்டீர்களா? கிளியருக்கு முன் கலர் மங்கலாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அடுத்து, பக்கத்துப் பாகத்தை ரப்பிங் காம்பவுண்டால் தேய்த்துப் பாருங்கள். பல வண்டிகளில் புதுக் கலர் தவறாக இருப்பதில்லை, பழைய பாகத்தின் மேல் வருடக்கணக்கான மங்கல் படிந்திருக்கும். தேய்த்ததும் பாதி வித்தியாசம் போய்விடலாம்.

மெட்டாலிக்கில் கலர் என்பது டப்பாவில் இருப்பது மட்டும் இல்லை, நீங்கள் அடிக்கும் விதமும்தான். ஈரமாக, கனமாக விழுந்தால் துகள்கள் உள்ளே மூழ்கிக் கறுத்துத் தெரியும், உலர்ந்து மெல்லியதாக விழுந்தால் வெளுத்துத் தெரியும். அதனால் வண்டியில் அடிக்கும் முன் ஒரு அட்டையில், வண்டியில் அடிக்கப்போகும் அதே தூரத்தில், அதே வேகத்தில் அடித்து, கிளியரும் போட்டு, பகல் வெளிச்சத்தில் பாகத்தின் மேல் வைத்து நேராகவும் சாய்வாகவும் பாருங்கள்.

அட்டையில் சின்ன வித்தியாசம் தெரிந்தால், அதை மறைக்க வழி இருக்கிறது. கலரை டேப் ஒட்டிய நேர்க்கோட்டில் நிறுத்தாதீர்கள், கண் அந்தக் கோட்டைத்தான் தேடிப் பிடிக்கும். பட்டி இடத்தை மூடிய பிறகு ஒவ்வொரு கோட்டையும் முன்னதைவிடச் சற்று வெளியே கொண்டுபோய் கரையவிடுங்கள், கிளியரை மட்டும் பாகம் முழுக்க, விளிம்பு முதல் விளிம்பு வரை அடியுங்கள். பாகத்தின் நடுவில் கிளியரை முடித்தால் அந்த ஓரம் என்றாவது ஒருநாள் உரியத் தொடங்கும்.

பெட்ரோல் சிந்தினால் கிளியர் மங்குகிறது

சாதாரண ஒற்றை டப்பாக் கிளியர் கரைப்பான் ஆவியாவதால் காய்வது, பெட்ரோல் அதை இளக்கும். பெட்ரோல் மூடியைச் சுற்றிய இடத்துக்கு ஹார்டனர் கலந்த 2கே கிளியர்தான் நிற்கும். டப்பாவின் அடியில் ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்திய பிறகு உள்ளே இறுகத் தொடங்கிவிடும், ஒன்றிரண்டு நாளுக்குள் முடிக்க வேண்டும். ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலைப் பாதித்து, பிற்பாடு சிறிதளவு பட்டாலே ஆஸ்துமா வரும் நிலைக்குக் கொண்டுபோகக் கூடியது, துணி முகமூடியும் தூசி முகமூடியும் அதைத் தடுக்காது. அதற்கான சுவாசக் கருவி உங்களிடம் இல்லையென்றால் அந்த ஒரு கோட்டை வெளியே கொடுங்கள். மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் நிறைய இருக்கின்றன.

சில வாரம் கழித்து பட்டியின் ஓரம் வளையமாகத் தெரிகிறது

பழைய பெயிண்டின் ஓரத்தைச் சரிவாகத் தேய்க்கவில்லை, அல்லது பிரைமர் முழுக்கக் காயும் முன் கலர் அடித்தீர்கள். ஓரத்தை விரலால் தடவினால் படி தெரியக் கூடாது, அது வரைக்கும் தேய்க்க வேண்டும். இப்போது வளையம் தெரிந்தால் உடனே கை வைக்காமல் இன்னும் சில வாரம் விடுங்கள், இறங்க வேண்டியது முழுக்க இறங்கட்டும். அப்புறம் 800-இல் சமப்படுத்தி, கலரும் கிளியரும் அடித்தால் ஒரே முறையில் முடியும்.

பம்பரில் அடித்தது ஏடு ஏடாக உரிகிறது

பம்பர்கள் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் கலந்தவை, அதில் எதுவுமே எளிதில் ஒட்டாது. உட்பக்கம் பிளாஸ்டிக்கின் பெயர் சுருக்கமாக அச்சாகியிருக்கும். கறுப்புப் பிளாஸ்டிக் தெரியும் வரை தேய்த்த இடத்தில் பிளாஸ்டிக்குக்கான ஒட்டுப் பிரைமர் முதலில் போக வேண்டும், அதற்கு மேல்தான் மற்ற எல்லாம். உரிந்ததன் ஓரத்தில் டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுங்கள், வருவதெல்லாம் வரட்டும், எது வரவில்லையோ அதுதான் அடித்தளம். பட்டியும் பிளாஸ்டிக்குக்கென்று வரும் வளைந்துகொடுக்கும் பட்டியாக இருக்க வேண்டும். உள்வாங்கிய பம்பருக்குப் பட்டியே தேவைப்படாமல் போகலாம்: கொதிக்கும் நீரை நிதானமாக ஊற்றி, கையுறை போட்டுப் பின்னாலிருந்து தள்ளினால் பல நேரம் தானே வெளியே வரும். புது வண்டிகளில் பம்பருக்குப் பின்னால் ரேடார் இருக்கலாம், அதன் முன்னே பட்டி போட்டாலோ பெயிண்ட் கனத்தாலோ எச்சரிக்கைகள் தவறலாம். அந்த இடத்தில் பட்டி வேண்டவே வேண்டாம்.

மாதங்கள் கழித்து கொப்புளம் கிளம்புகிறது

துரு அடியிலேயே இருந்திருக்கிறது. கொப்புளத்தின் அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள், திறந்தால் பெயிண்டுக்கு அடியில் அதைப்போல் சில மடங்கு பரவியிருக்கும். பளபளக்கும் இரும்பு எல்லாப் பக்கமும் தெரியும் வரை துரத்திப் போங்கள். குழிகளில் கறுப்பாக நிற்பதும் துருதான். பாஸ்பாரிக் அமிலம் உள்ள துரு மாற்றியை அங்கே தடவி, அதில் சொல்லியிருப்பதுபோல் கழுவி முழுக்கக் காயவைத்து, எப்பாக்ஸி பிரைமர் அடித்து, தேவையான பட்டியை அதன் மேல் போடுங்கள். துளையாகிவிட்ட இடத்தில் பட்டி மட்டும் போட்டால் அது பின்பக்கத்திலிருந்து ஈரம் குடிக்கும். வேலை முடிந்ததும் கதவின் அடி விளிம்பைக் குனிந்து பாருங்கள், தண்ணீர் வடியும் துளைகள் சில இருக்கும், உங்கள் பட்டியோ பிரைமரோ அவற்றை அடைத்திருந்தால் ஒரு கம்பியால் திறந்துவிட்டு, உள்பக்கம் மெழுகு ஸ்ப்ரே அடியுங்கள். கலரும் கிளியரும் எல்லாம் முடிந்த பிறகுதான் அந்த மெழுகு, முன்னால் அடித்தால் மறுபடி மீன் கண்ணில் போய் நிற்கும்.